ரோலில் மிச்சம் ஏழு

இன்னும் ஏழு இருக்கிறது. என் கணக்கில் ஒன்பது. பெட்டியில் முப்பத்தாறு என்று போட்டிருக்கும் ரோலில் முப்பத்தெட்டு படம் எடுத்துக் காட்டுகிறவள் நான். தேனியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பிசிக்ஸ் டீச்சர் கொடுக்கிற ரோலில் நுனிகூட வீணாகியிருக்காது என்று. பாராட்டாகச் சொல்கிறார்களா கேலியாகச் சொல்கிறார்களா என்று நான் விசாரித்ததில்லை. வீரபாண்டி தாண்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணி, தை மாதத்துக் குளிர் இன்னும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரை நாற்பதுக்கு மேல் விடவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, முந்தும்போது குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். பொம்பளை ஓட்டுகிறாள், அதுவும் தலை நரைத்தவள், அதுவும் தனியாக. பார்க்கட்டும். எனக்கு என்ன அவசரம்? அவசரம் இருந்தால் இந்த ஏழையும் மொட்டை மாடியில் நின்று தண்ணீர்த் தொட்டியையும் காக்காயையும் எடுத்துத் தீர்த்து, போன மாசியிலேயே கழுவக் கொடுத்திருப்பேன். தீர்க்கவில்லை. பதினோரு மாதமாகத் தொடவே இல்லை. கேட்டவர்களிடம் ரோல் முடியவில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டே எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். கேமரா இடது பக்க சீட்டில் இருக்கிறது, புஷ்பத்தின் சீட்டில், பள்ளிக்கூடப் பச்சைப் பாவாடைத் துணியின் மிச்சத்தில் அவள் தைத்த உறைக்குள். வளைவில் திரும்பும்போதெல்லாம் அது கதவுப் பக்கம் சரிகிறது, நான் கையை நீட்டிப் பிடிக்கிறேன். அதற்குள் இருபத்தொன்பது படம் இருக்கிறது. முதல் நாலும் கொக்கும் வாய்க்காலும். மீதி இருபத்தைந்தும் தங்கபுஷ்பம். அறுபத்தொரு வயசு வரைக்கும் கேமராவுக்கு முகம் காட்டாத என் புஷ்பம், போன தையில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மத்தியானம் காட்டினாள். அதற்கப்புறம் இருபது நாளில் போய்ச் சேர்ந்தாள். கடைசி முப்பத்தைந்து வருஷத்து அவள் முகம் உலகத்தில் எங்காவது இருக்கிறதென்றால் அது இந்தச் சீட்டில்தான் உருண்டுகொண்டிருக்கிறது.

உப்புக்கோட்டை விலக்கு தாண்டி வயலில் ஒரு கொக்கு. நிறுத்தினேன். உறையின் இரண்டு பட்டனைக் கழற்றி, கண்ணில் வைத்து, முப்பது. எடுத்த கையோடு கேமராவை இடது பக்கம் நீட்டிவிட்டேன், வாயும் "இழுத்து வை" என்று சொல்லிவிட்டது. யாரிடம்? இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம் ஒரு வருஷத்தில் போகுமா. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு வலது ஓரத்து லீவரை ஒருமுறை இழுத்தால்தான் ரோல் அடுத்த கட்டத்துக்கு நகரும். நான் கார் ஓட்டுவேன், கேமரா புஷ்பத்தின் மடியில் இருக்கும், எங்காவது நிறுத்தி ஒன்று எடுத்து அவளிடம் கொடுத்தால் அவள் இழுத்து வைப்பாள். வண்டி கிளம்புவதற்குள் அடுத்த படத்துக்குத் தயார். தையல் டீச்சரின் விரல், லீவர் இழுபடுகிற சத்தமே வராது. என் தம்பி மஸ்கட்டிலிருந்து இதைக் கொண்டுவந்து கொடுத்த முதல் வாரமே அவள் ஒன்று கண்டுபிடித்தாள். "அமலி, நீ இந்தப் பக்கம் இழுக்கும்போது அந்தப் பக்கத்துத் திருகும் கூடவே சுத்துது பாத்தியா?" அமலோற்பவம் என்ற என் பெயரை அமலி ஆக்கியவளும் அவள்தான். உள்ளே ரோல் உருளுகிறது, அதனால் திருகு சுற்றுகிறது, இதில் என்ன அதிசயம் என்றேன். "மெஷின்ல நூல்கண்டு சுத்துற மாதிரில்ல இருக்கு" என்று சந்தோஷப்பட்டாள். ரோல் மாட்டும்போதும் அப்படித்தான், எனக்கே வகுப்பெடுக்க வந்துவிடுவாள். மற்றவர்கள் ரோலின் நாக்கை நன்றாக உள்ளே விட்டு, இரண்டு படத்தைச் சும்மா அடித்துத் தள்ளிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். நான் உள்சக்கரத்தின் பல்லில் நுனி மட்டும் சிக்குகிற அளவுக்கு விட்டு மூடிவிடுவேன். அந்த இரண்டு படமும் அதில்தான் மிச்சமாகிறது. "நூலை இத்துனூண்டு விட்டா, மெஷினை மிதிச்சதும் ஊசிக்கண்ணுலருந்து உருவிக்கும்டி" என்பாள். இது ஊசி இல்லை தாயே, நீ உன் மெஷினைப் பார் என்பேன். உருவியதே இல்லை. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. லீவரை நானே இழுத்தேன், கர்ரென்று சத்தம் வந்தது. மேகமலைப் பக்கம் பாதி மலையை மேகம் மூடியிருந்தது. அதையும் எடுத்தேன், முப்பத்தொன்று. எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. அவள் இருந்தால் "மேகத்தைப் போய் எடுக்கிறியே, அது என்ன ஓடியா போகப்போகுது" என்று சொல்லியிருப்பாள், நான் ஓடத்தான் போகிறது என்று சொல்லியிருப்பேன், சின்னமனூர் வரைக்கும் அதை வைத்துச் சண்டை போட்டிருப்போம். இப்போது காரில் இன்ஜின் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. தனியாக இருப்பது இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வாழைத்தார் ஏற்றிய லாரி, முப்பத்திரண்டு. சின்னமனூரில் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம். ஒரு போட்டோ பிரேம் கடை வாசலில், யாரோ ஒரு பெரியவர் படத்துக்குச் சட்டம் போட்டு வெயிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். நெற்றியில் விபூதி, கழுத்தில் துண்டு, செத்த பிறகும் யாரையோ கண்டிக்கிற முகம். எல்லாருக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. புஷ்பத்துக்கு இல்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில் விளக்கை மட்டும் ஏற்றி வைத்துவிட்டு எல்லாரும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவளுக்கு வெண்படை இருபத்தைந்து வயசில் வந்தது, வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷத்தில். முதலில் உதட்டு ஓரத்தில் ஒரு பொட்டு, சாப்பிட்ட தயிரைத் துடைக்காத மாதிரி. பிறகு உதடு முழுக்க, பிறகு கண்ணைச் சுற்றி, பிறகு விரல் நுனிகள். வருஷா வருஷம் பள்ளி குரூப் போட்டோவில் வரிசைக் கடைசியில் உட்காருவாள். போட்டோகிராபர் ரெடி என்றதும் சரியாக அந்த நேரத்தில் அவளுக்கு ஊசி கீழே விழும். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் மாட்டியிருக்கிற இருபத்தெட்டு குரூப் போட்டோவிலும் தையல் டீச்சரின் முதுகு இருக்கிறது. வாக்காளர் அட்டையில் இருக்கிற படத்தை அவள் அண்ணன் மகன் ராஜக்கனி ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணிப் பார்த்தான், மழையில் நனைந்த சுவர் மாதிரி வந்தது. போடியில் இரும்புக் கடை வைத்திருக்கிற பையன், தங்கமானவன், அத்தைமேல் உயிர். பிறகு பெட்டியைத் துழாவி, வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படம் ஒன்றைக் கண்டுபிடித்தான். இருபத்திரண்டு வயசு, இரட்டைப் பின்னல், மாசு மருவில்லாத முகம். இதையே போட்டுவிடலாமா டீச்சர் என்றான். எனக்கு அவன் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. அந்தப் பெண் யார்? அவளை எனக்குத் தெரியாது. நான் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது அவள் முகம் இப்படித்தான் இருந்தது, நான் பழகியது இந்த முகத்தோடுதான். "அது வேண்டாம் தம்பி. என்கிட்ட இருக்கு. நான் தர்றேன்" என்றேன். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை கேட்பான், மாதம் ஒருமுறை ரோல் முடியவில்லை என்பேன். வெள்ளிக்கிழமை போனில் அவன் குரலே மாறியிருந்தது. "வர்ற மாசியில வருஷம் திரும்புது டீச்சர். பேப்பர்ல குடுக்கணும், சட்டம் போடணும். இல்லைன்னா அந்தப் பழசையே போட்டுர்றேன்." ஞாயிற்றுக்கிழமை முடித்து, திங்கட்கிழமை கழுவக் கொடுத்துவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டேன். ஏன் இத்தனை நாள் இழுத்தேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது? கழுவிவிட்டால் இருபத்தைந்து காகிதமாக என் கைக்கு வந்துவிடுவாள், ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டு போவார்கள். கழுவாதவரைக்கும் என்னிடம் மட்டும் இருக்கிறாள். இதை ஒரு இரும்புக் கடைக்காரனிடம் எப்படிச் சொல்வது. எனக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு அவள் ஏதோ சொல்ல வந்தாள். பதினோரு மாதமாக இந்த இடத்தில் வந்துதான் முட்டிக்கொள்கிறேன், தூங்கப் போகும்போது, பால் காய்ச்சும்போது, இதோ இப்போது உத்தமபாளையம் ரோட்டில் இந்தப் புளியமரங்களுக்குக் கீழேயும். அன்றைக்குக் காலையிலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பெட்ரோல் பங்கில் நிறுத்தி நான் புது ரோல் மாட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் ரொம்பச் சாதாரணமாக, "ராஜக்கனி போடிக்கே வந்துரச் சொல்றான்டி. மாடியில ரூம் இருக்காம். யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். பக்கத்துப் பக்கத்து போர்ஷனில் இருபத்தாறு வருஷம். நடுச்சுவரில் ஒரு தட்டுத் தட்டினால் காபி வரும். யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். போ, யார் பிடித்து வைத்தார்கள் என்றேன். ரோலை மாட்டி, மூடி, படாரென்று கேமராவை அவள் மடியில் வைத்தேன். வழியில் நாலு படம் எடுத்தேன். எப்போதும் நாங்கள் வந்து உட்காருகிற மதகில் நிறுத்திவிட்டு, முகம் கழுவ வாய்க்காலில் இறங்கினேன். திரும்பி வரும்போது அவள் மதகுக் கல்லில் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக் குனிந்து என்னவோ பார்த்துக்கொண்டிருந்தாள். "அமலி, இங்க பாரு, இது..." என்று நிமிர்ந்தாள். நான் சொல்ல விடவில்லை. "சும்மா நோண்டாத. எத்தனை தடவை சொல்றது. ஓடுற ரோலைக் கெடுத்துத் தொலைக்காத, குடு இங்க." பிடுங்கினேன் என்றே சொல்லலாம். வகுப்பில் பரிசோதனைக் கருவியைத் தொட்ட பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல். பத்து நிமிஷம் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் அது நடந்தது. வாயை மூடியிருந்த சேலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சரி, என்னை எடு" என்றாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. "என்னது?" "என்னை எடுடி. எத்தனை இருக்கோ அத்தனையும் எடு." எடுத்தேன். பழக்க தோஷத்தில், இழுத்து வை என்று நீட்டினால், "இன்னைக்கு நீயே இழுத்துக்க, நான்தான் நோண்டுறேன்ல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை எடுத்தேன். "அங்கயே நிக்காத, இன்னும் கிட்ட வா" என்றாள். போனேன். வெள்ளை உதடு, கண்ணைச் சுற்றி வெள்ளை, நடுவில் நல்ல கறுப்புக் கண், முன்பல் ஒன்று கோணல். இத்தனை வருஷத்தில் நான் அவளை அப்படி உற்றுப் பார்த்ததில்லை, பார்த்தால் வருத்தப்படுவாளோ என்று பார்த்தும் பார்க்காமல்தான் பேசியிருக்கிறேன் என்பதே அப்போதுதான் உறைத்தது. திட்டிய திட்டுக்குச் சமாதானம் பண்ணுகிறாள், போடிக்குப் போகுமுன் எனக்கு ஒன்று தந்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். இருபத்தொன்பதில் நிறுத்தினேன். மிச்சம் இருக்கட்டும், அடுத்த ஞாயிறு வருவோமே என்றேன். அந்த அடுத்த ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல். திரும்பும்போது காரில் கேட்டாள், "இதை எப்ப கழுவக் குடுப்ப?" முடிந்ததும்தான் என்றேன். "முடியட்டும், முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். என் கஞ்சத்தனத்தைத்தான் சிரிக்கிறாள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த "இங்க பாரு, இது..." அதற்கப்புறம் என்ன? கேட்காமல் விட்டேன்.

ஒச்சம்மா வழக்கமான இடத்தில் குடையை நட்டுத் திராட்சைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நிறுத்தாமல் போய்விடலாம் என்று நினைத்தேன், அதற்குள் காரை அடையாளம் கண்டு எழுந்து நின்றுவிட்டாள். "என்ன டீச்சரம்மா, வருசமா ஆளையே காணோம். ஒத்தையில வந்திருக்கீக, அந்தம்மா வரலையா?" இல்லை என்றேன். "மேலுக்குச் சொகமில்லையா?" என்றாள். இறந்துவிட்டாள், போன மாசியில் என்று சொன்னேன். வாயால் சொல்லும்போது அது எப்போதும் பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரிதான் வருகிறது. ஒச்சம்மா கையிலிருந்த கொத்தைத் திரும்பக் கூடையிலேயே வைத்தாள். "ஒரு பழத்தை வாயில போட்டுட்டுப் புளிக்குதும்பாக. புளிக்குதுன்னுட்டு ரெண்டு கிலோ வாங்குவாக. அம்புட்டு நல்ல மனுசி." முந்தானையில் கையைத் துடைத்தாள். "படம் கிடம் இருக்காம்மா? ஒரு தடவை பாத்துக்கிறேன்." இருக்கு, இன்னும் கழுவவில்லை என்றேன். அவள் நம்பாத மாதிரி என்னைப் பார்த்தாள். "அவுகளா நின்னாக? நீங்க வாய்க்காலுக்கு அங்கிட்டு படம் புடிச்சுக்கிட்டிருக்கையில நானே ஒருக்காக் கேட்டேன், நீங்களும் போயி நிக்கலாமுல்லம்மான்னு. எம்மூஞ்சி எங்கூடவே போகட்டும் ஒச்சம்மா, ஒருத்தர் வீட்டுச் செவுத்துலயும் தொங்க வேண்டாம்னாக." என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னிடம் ஊசி விழுந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்வாள். திராட்சைக்காரியிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. சுருக்கென்றது. ஆனால் கடைசியில் என்னிடம்தானே நின்றாள், வேறு யாரிடமும் நிற்கவில்லையே என்று சமாதானம் பண்ணிக்கொண்டேன். ஒச்சம்மாவைக் கூடையோடு நிற்கவைத்து முப்பத்து மூன்று, குடையோடு முப்பத்து நான்கு. "எனக்கு ஒண்ணு கொண்டாந்து தாங்க" என்றாள். கட்டாயம் என்றேன். ஒரு கிலோ கொடுத்துவிட்டு ஒரு கொத்தைச் சும்மா மேலே வைத்தாள். அந்தக் கொத்து புஷ்பத்துக்கு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மதகில் ஆள் இல்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர், போன வருஷம் மாதிரியேதான், நெல் பால் பிடித்து நிற்கிறது, காற்று மலையிலிருந்து இறங்கி வருகிறது. வாய்க்கால், முப்பத்தைந்து. அவள் உட்கார்ந்த கல், முப்பத்தாறு. அதற்கு மேல் இந்தக் கேமராவில் எண் கிடையாது, ஒரு சிவப்புப் புள்ளிதான், மனதில்தான் எண்ண வேண்டும். முப்பத்தேழு. அவ்வளவு துக்கத்திலும் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது, பார், இன்னும் ஒன்று இருக்கிறது என்று. முப்பத்தெட்டு. இனி லீவர் பாதியில் முட்டும். அந்த முட்டு எனக்குப் பிடிக்கும், கடைசித் துளிவரை வழித்து எடுத்துவிட்ட திருப்தி. இழுத்தேன். முட்டவில்லை. முழுக்க வந்தது, வெண்ணெய் மாதிரி வந்தது. அழுத்தினேன், கிளிக். முப்பத்தொன்பது. முப்பத்தொன்பது என்று ஒன்று கிடையாது. இருபது வருஷத்தில் எனக்கு வந்ததில்லை, யாருக்கும் வந்ததில்லை. மறுபடி லீவரைப் பாதி இழுத்து நிறுத்தினேன். பதறாதே, யோசி, நீ பாடம் நடத்தியவள். இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, ரோல் முடிந்த இடத்தில் ஓரத்து ஓட்டைகள் கிழிந்து, பல் வெறுமனே சுற்றுகிறது. அப்படியானால் எல்லாப் படமும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. இன்னொன்று, நான் நுனியை மட்டும் மாட்டினேனே, பெட்ரோல் பங்கில், கோபத்தில். அது முதல் இழுப்பிலேயே உருவிக்கொண்டு விட்டிருந்தால்? அப்படியானால் ரோல் ஒரு கட்டம்கூட நகரவில்லை. கொக்கு இல்லை, வாய்க்கால் இல்லை, இருபத்தைந்தில் ஒன்றும் இல்லை. எது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். இடது பக்கத் திருகை லேசாகத் திருப்பிப் பார்த்தால், ரோல் ஓடியிருந்தால் இறுக்கமாகப் பிடிக்கும், ஓடவில்லையென்றால் பிடிமானமே இல்லாமல் சுற்றும். அளவீட்டைப் பார்க்காமலே நோட்டில் எழுதிய பிள்ளைகளை எத்தனை பேரை வெளியே நிற்க வைத்திருப்பேன். இன்றைக்கு எனக்குத் திருகைத் தொடக் கை வரவில்லை. இப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாமா என்று இருந்தது. திருகைப் பார்த்தேன். சின்ன வெள்ளித் திருகு. அதன்மேல் ஒரு விரல் இருந்தது. நுனி வெளுத்த விரல். அவள் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தாள் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேனே, அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். வலது கையால் லீவரைப் பாதி இழுத்து, இடது கை விரலை இந்தத் திருகின்மேல் வைத்துத்தான் நிமிர்ந்தாள். "அமலி, இங்க பாரு, இது..." சுத்தலை. இது சுத்தலைடி. அதுதான் மிச்ச வார்த்தை. வேறு என்ன இருக்க முடியும்? நாற்பது வருஷம் நூல் ஓடுகிறதா நின்றதா என்று விரலால் பார்த்தவளுக்கு அது தெரியாமலா போகும்? நான்தான் குடு இங்க என்று பிடுங்கினேன்.

திருப்பினேன். பிடிமானமே இல்லை. சும்மா சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு படமும் விழவில்லை, விழப்போவதும் இல்லை என்று தெரிந்துகொண்டுதான், பத்து நிமிஷம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, தலைப்பை எடுத்துச் செருகி, என்னை எடுடி என்றாள். இன்னும் கிட்ட வா என்றாள். நீயே இழுத்துக்க என்றாள். முடியட்டும் முடியட்டும் என்று காரில் அப்படிச் சிரித்தாளே. திருடி. என்னை ஏமாற்றிவிட்டாய். வாய்விட்டே சொன்னேன், வாய்க்காலைப் பார்த்து. இல்லை, நான் திட்டியதில் மனசு ஒடிந்து, சொன்னால் இன்னும் கத்துவாள், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாளோ? இருபது நாள் இருந்ததே, சொல்லவில்லையே. நான் அத்தனை ஆசையாகச் சுட்டுத் தள்ளியதைப் பார்த்தபிறகு சொல்ல மனசு வரவில்லையோ? மூஞ்சி அவளோடேயே போகவேண்டும், நானும் சந்தோஷப்பட வேண்டும், இரண்டுக்கும் அவளுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது, என் கஞ்சத்தனம் செய்து கொடுத்த வழி. எது சரி என்று கேட்க ஆள் இல்லை. நடுச்சுவரில் தட்டினால் புதுசாகக் குடிவந்த பேங்க்காரர்தான் என்ன மேடம் என்பார். அழுதேன். இவ்வளவு நாள் அழுததெல்லாம் அழுகையே இல்லை, படம் இருக்கிறது என்ற தைரியத்தில் அழுதது. உள்ளே ரோல் பெட்டியில் வந்தபடியே சுருண்டு புதுசாக இருக்கும். முப்பத்தாறும் அப்படியே இருக்கும், எனக்கு வேண்டுமானால் முப்பத்தெட்டும். இதுவரை நான் மாட்டிய ரோல்களில் ஒரு கட்டம்கூட வீணாகாதது இதுதான்.

ராஜக்கனிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். "சொல்லுங்க டீச்சர், முடிஞ்சிருச்சா?" "தம்பி, அந்தப் பழைய படம் ஒண்ணு வச்சிருந்தீங்கல்ல, வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்தது. அதையே போட்டுருங்க." கடையில் யாரோ கம்பியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "ஏன் டீச்சர், உங்க ரோல்ல அத்தை விழலையா?" "விழலை." "ஒண்ணுகூடவா?" "ஒண்ணுகூட இல்லை. நான் சரியா மாட்டலை தம்பி. என் தப்புதான்." திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடுங்க டீச்சர், அத்தைக்குப் படம்னாலே புடிக்காதுல்ல" என்றான். ஆமாம், பிடிக்காது என்றேன். வைத்துவிட்டேன். திராட்சைக் கொத்தில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன், புளித்தது. கேமராவின் பின்மூடியைத் திறந்து பார்க்கவில்லை, ரோலைச் சரியாக மாட்டவும் இல்லை. பாதியில் நின்ற லீவரை முழுக்க இழுத்துவிட்டு, எழுந்து நாலடி பின்னால் போய் நின்று கண்ணில் வைத்தேன். மதகுக் கல் தெரிந்தது, அதன் பின்னால் தண்ணீர், தண்ணீருக்குப் பின்னால் நெல். அழுத்தினேன். நாற்பது. லீவரை இழுத்தேன், இந்தத் தடவை திருகைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன், அது சுற்றவில்லை. நாற்பத்தொன்று. இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன்.